‘எல்லாம் டோபமைன்தான் மிஸ்’: உயிரியல் விளக்கம் எழுதுவது எப்படி?

‘சூதாட்டப் பழக்கத்தை உயிரியல் அணுகுமுறையில் விளக்குக.’ பத்து மதிப்பெண் கேள்வி. தொலைதூரக் கல்வியில் உளவியல் படித்துக்கொண்டு என் மாலை வகுப்புக்கு வருபவர்கள் இதற்கு என்ன எழுதுவார்கள் என்பதைத் தாளைப் பிரிக்காமலே சொல்லிவிடுவேன். “மனித நடத்தைக்கு மூளை, மரபணு, ஹார்மோன், நரம்புக்கடத்தி ஆகியவை காரணம். சூதாடும்போது டோபமைன் சுரக்கிறது. டோபமைன் மகிழ்ச்சி தருகிறது. எனவே மனிதன் மீண்டும் மீண்டும் சூதாடுகிறான்.” கீழே மூளைப் படம், ஸ்கெட்ச் பேனாவில் இரண்டு வண்ணம், சுற்றிலும் அம்புக்குறி. நான் போடுவது நான்கு. அதில் ஒன்று படத்துக்கு.

“தப்பா ஒண்ணும் எழுதலையே மிஸ், எதுக்கு நாலு?”

தப்பு இல்லைதான். டோபமைன், நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி கடத்தும் வேதிப்பொருள்களில் (நரம்புக்கடத்திகளில்) ஒன்று. ஆனால் அந்த விடையில் ‘சூதாட்டம்’ வருகிற இடத்திலெல்லாம் ‘பிரியாணி’ என்று போட்டு வாசித்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து ரம்மி ஆடுகிறவரையும், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தட்டு கேட்கிறவரையும் பிரித்துக் காட்டாத விடைக்கு எட்டு எப்படிப் போடுவது?

அணுகுமுறையின் அடிப்படைக் கருத்து எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. எண்ணம், உணர்ச்சி, செயல் எதுவானாலும் அதற்கு உடலில் ஓர் அடித்தளம் உண்டு. அந்த அடித்தளத்தை மரபணு, வேதிப்பொருள், நரம்பணு, மூளைப் பகுதி, பரிணாமம் என்று பல மட்டங்களில் தேடலாம். இதை இரண்டு வரியில் முடித்துவிட்டு நகருங்கள். முன்னுரைக்கே ஒரு பக்கம் எழுதுகிறவர்கள்தான் கடைசியில் ‘டைம் பத்தல மிஸ்’ என்று வந்து நிற்பார்கள்.

நடத்தையை முதலில் நறுக்குங்கள்

சூதாட்டம் என்பது ஒரே நடத்தை இல்லை. முதன்முதலில் ஆடிப் பார்ப்பது ஒன்று. ஜெயித்தபின் மறுபடி ஆடுவது வேறொன்று. தோற்றுக்கொண்டே இருந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பது மூன்றாவது. குடும்பத்தைக் கெடுப்பது இந்த மூன்றாவதுதான், கேள்வி கேட்பவர் எதிர்பார்ப்பதும் இதைத்தான். ‘டோபமைன் மகிழ்ச்சி தருகிறது’ என்ற வரி இங்கே வந்ததும் நொண்டியடிக்கிறது. தோற்கிறவருக்கு என்ன மகிழ்ச்சி? கேள்வியை ‘தோற்றும் ஏன் நிறுத்தவில்லை?’ என்று சுருக்கியதுமே பாதி விடை கைக்கு வந்துவிடும்.

இப்படி நறுக்குவது என் சொந்தச் சரக்கு இல்லை, நல்ல ஆய்வுகள் எல்லாம் இதைத்தான் செய்திருக்கின்றன. 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹென்றி மோலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, தீராத வலிப்புக்காக மூளையின் இரண்டு பக்கமும் உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கையும் அதைச் சுற்றியிருந்த பகுதிகளையும் அகற்றினார்கள். ‘அவருக்கு ஞாபக சக்தி போய்விட்டது’ என்று மாணவர்கள் எழுதுவார்கள். அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் அதோடு விடவில்லை. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியை அவருக்கு மூன்று நாள் கொடுத்தார். கை நாளுக்கு நாள் தேறியது. அவருக்கோ முந்தின நாள் வரைந்த நினைவே இல்லை. புதிய நிகழ்ச்சிகளை நினைவில் வைப்பது வேறு, கைப்பழக்கம் வேறு என்று தெரியவந்தது இப்படித்தான். ‘ஞாபகம்’ என்று மொத்தமாக எழுதுகிறவருக்கு இந்த ஆய்வின் பாதிதான் கிடைக்கும்.

ஒரு மட்டத்தைப் பிடித்து, உள்ளே நடப்பதைச் சொல்லுங்கள்

எல்லா மட்டத்தையும் தொட ஆசைப்படாதீர்கள். பத்து மதிப்பெண்ணுக்கு ஒன்று போதும், மற்றொன்றை ஓரமாகச் சேர்த்துக்கொள்ளலாம். டோபமைனைத்தான் எடுப்பேன் என்றால் தாராளமாக எடுங்கள், ஆனால் அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று எழுதுங்கள்.

1990களில் நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் நடுமூளையில் நுண்ணிய மின்முனைகளை வைத்து, டோபமைன் நரம்பணுக்கள் எப்போது துடிக்கின்றன என்று பதிவு செய்தார். எதிர்பாராத நேரத்தில் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் அணுக்கள் படபடவென்று துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்கு எரியும் நேரத்துக்கு இடம் மாறியது, சாறு வந்தபோது புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய அந்தக் கணத்தில் வழக்கமான துடிப்பும் அடங்கியது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இந்த அணுக்கள் கணக்குப் பார்க்கின்றன. 2003இல் ஷுல்ட்ஸ் குழுவே இன்னொன்றையும் காட்டியது: சாறு வருவதும் வராததும் பாதிக்குப் பாதி என்ற நிலையில், காத்திருக்கும் நேரம் முழுக்கச் செயல்பாடு மெல்ல ஏறிக்கொண்டே போனது. வருவது உறுதி என்றாலோ வராதது உறுதி என்றாலோ அந்த ஏற்றம் இல்லை.

இப்போது ரம்மி ஆடுகிறவரிடம் வாருங்கள். அடுத்து வரப்போகும் சீட்டு எது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாரே, அந்த நேரம்தான் இங்கே காத்திருக்கும் நேரம். ஜெயிப்பாரா தோற்பாரா என்பது தெரியாமல் இருக்கும்வரை அது அவரைப் பிடித்து வைத்திருக்கும் என்று எழுத உங்களுக்கு இப்போது ஒரு பிடி கிடைத்துவிட்டது. தோற்றாலும் ஆட்டம் அவரை விட்டுவிட வேண்டிய அவசியமில்லை.

‘கை வைத்தார்களா?’

என் வகுப்பில் ஒருவர் ஒரு காரணத்தைச் சொன்னதும் மற்றவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு நடத்தை நடக்கும்போது மூளையில் ஏதோ ஒன்று கூடியிருக்கிறது என்று சொல்வது துப்பு மட்டுமே. அந்த ஏதோவொன்றை யாராவது கூட்டியோ குறைத்தோ பார்த்தார்களா, அப்போது நடத்தை மாறியதா? உயிரியல் விளக்கம் நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான். நான் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுப்பதும் இங்கேதான்.

சூதாட்டத்துக்குக் கிடைத்த சான்று யாரும் திட்டமிடாமல் கிடைத்தது. பார்க்கின்சன் நோயில் நடுமூளையில் டோபமைன் சுரக்கும் அணுக்கள் அழிகின்றன. அதனால்தான் நடுக்கம், விறைப்பு, நடையில் தயக்கம். இதற்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒரு வகை, டோபமைன் போலவே ஏற்பிகளில், அதாவது நரம்பணுவில் அது வந்து சேரும் இடங்களில், போய் ஒட்டிக்கொள்ளும். பிரமிபெக்சோல், ரோபினிரோல் இரண்டும் அந்த வகை. 2005இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 11 பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அத்தனை பேரும் இந்த வகை மருந்து எடுத்தவர்கள், ஒன்பது பேர் பிரமிபெக்சோல். எல்லோரும் சூதாட்டத்தில் மூழ்கியிருந்தார்கள். ஏழு பேருக்கு, மருந்தைத் தொடங்கியோ அளவைக் கூட்டியோ மூன்று மாதத்துக்குள் பழக்கம் பிடித்திருந்தது. மருந்தைக் குறைத்தோ நிறுத்தியோ பார்த்தபோது, தொடர்ந்து கவனிக்க முடிந்தவர்களிடம் பழக்கம் விலகியது.

மருந்து ஏறுகிறது, சூதாட்டம் வருகிறது. மருந்து இறங்குகிறது, சூதாட்டம் போகிறது. இந்த இரண்டு வரியும் நீங்கள் வரையும் மூளைப் படத்தைவிடப் பல மடங்கு பெறும். பிரமிபெக்சோல் அதிகம் நாடும் டி3 என்ற ஏற்பி, உடல் அசைவைப் பார்த்துக்கொள்ளும் பகுதிகளைவிட, வெகுமதியோடு தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் போன்ற பகுதிகளில் செறிவாக இருக்கிறது என்ற வரியையும் சேர்த்துவிட்டால் சங்கிலி முழுதாகிவிடும்.

இதை நடத்திய அன்று, நரம்பியல் வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் ஒருவர் வகுப்பில் இருந்தார். “எங்க டாக்டர் இந்த மாத்திரை எழுதினா வீட்டு அம்மாவத் தனியாக் கூப்பிட்டு, ‘ஐயா திடீர்னு பணத்த எடுத்துச் செலவு பண்றாரான்னு ஒரு கண்ணு வச்சுக்கோங்கம்மா’ன்னு சொல்வாரு மிஸ். அவரு ஏதோ குடும்ப விஷயம் பேசுறாருன்னு நெனச்சேன்” என்றார். வீட்டில் யாராவது இந்த மருந்தை எடுத்துக்கொண்டிருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவதில் வேறு சிக்கல்கள் உண்டு. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள்.

‘அப்புறம் ஏன் எல்லோருக்கும் இல்லை?’

அடுத்த கேள்வி இது. 2010இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்தது. சூதாட்டம், அடக்க முடியாமல் பொருள் வாங்குதல், பாலியல் வேட்கை, அளவில்லாமல் சாப்பிடுதல் ஆகிய நான்கில் ஒன்றாவது இருந்தவர்கள், இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதம், எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் மருந்து எடுத்தவர்களிலேயே நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது.

யாருக்கு அதிகம் என்று பார்த்தபோது கிடைத்த பட்டியலை நான் ரசித்துச் சொல்வேன். வயது குறைந்தவர்கள், மணவாழ்க்கையில் இல்லாதவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் சூதாட்டச் சிக்கல் உள்ளவர்கள், அப்புறம், அமெரிக்காவில் வசிப்பவர்கள். ஒரே மாத்திரை, ஒரே ஏற்பி, எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விளைவு, இந்தப் பக்கம் ஒரு விளைவு. ‘உயிரியல் அணுகுமுறையின் குறைகள்’ என்று தனித்தலைப்புப் போட்டு ‘இது குறைப்புவாதம்’ (சிக்கலான ஒன்றை ஒரே சிறு காரணத்துக்குள் அடக்குவது) என்று ஒற்றை வரியில் முடிப்பதற்குப் பதில் இதை எழுதுங்கள். குறைப்புவாதம் என்ற சொல்லை வைத்து எந்த அணுகுமுறையையும் திட்டலாம். மருந்து வாசலைத் திறந்துவிட்டது, உள்ளே நுழைந்தவர் யார் என்பதைச் சூழலும் குடும்பமும் சேர்த்துத் தீர்மானித்தன என்று எண்ணோடு எழுதினால் அது திட்டல்ல, மதிப்பீடு.

இத்தனையும் சேர்த்து அந்தப் பழைய நான்கு வரியை நாங்கள் வகுப்பில் திருத்தி எழுதினோம். பலகையில் கடைசியாக நின்றது இது:

“தோல்விக்குப் பின்னும் சூதாட்டத்தைத் தொடர்வதில் டோபமைன் பாதைக்குப் பங்கு உண்டு. டோபமைன் அணுக்கள் எதிர்பார்ப்புக்கும் விளைவுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிக்கின்றன. விளைவு நிச்சயமற்றதாக இருக்கும்போது காத்திருக்கும் நேரத்திலேயே அவற்றின் செயல்பாடு உயர்கிறது (ஷுல்ட்ஸ்). டோபமைன் ஏற்பிகளைத் தூண்டும் மருந்து பெற்ற பார்க்கின்சன் நோயாளிகள் சிலரிடம் சூதாட்டப் பழக்கம் புதிதாகத் தோன்றி, மருந்தைக் குறைத்ததும் மறைந்தது. எனவே இது வெறும் உடன்நிகழ்வு அன்று. எனினும் மருந்து பெற்றோரில் பெரும்பாலோர் பாதிக்கப்படவில்லை; வயது, குடும்ப வரலாறு, வாழும் நாடு ஆகியவை வேறுபாட்டை உண்டாக்கின.”

இதில் பிரியாணியைப் போட்டுப் பாருங்கள், பொருந்தாது.

திசையைச் சரிபாருங்கள்

மூளைக்கும் நடத்தைக்கும் தொடர்பு தெரிந்தால் மூளைதான் காரணம் என்று எழுதிவிடுவது நம் கையோடு வந்த பழக்கம். லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களைப் பற்றி எலினார் மக்வயர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல மருந்து. சாரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் உள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதினால்தான் அங்கே உரிமம். அந்த ஓட்டுநர்களுக்கு ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. ‘பெரிய ஹிப்போகாம்பஸ் உள்ளவர்கள் டாக்ஸி ஓட்டப் போகிறார்கள்’ என்றும் இதை வாசிக்கலாமே? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, பயிற்சியில் சேரும்போதே ஆட்களை ஸ்கேன் எடுத்துப் பல ஆண்டு தொடர்ந்தார்கள். 2011இல் முடிவு வந்தது: தொடக்கத்தில் வித்தியாசமில்லை, தேர்ச்சி பெற்றவர்களிடம் மட்டும் பின்பகுதி வளர்ந்திருந்தது. தெருவைப் படித்தது மூளையை மாற்றியிருக்கிறது.

மரபணு என்று வரும்போது இதே எச்சரிக்கை வேறு வடிவில் வேண்டும். மனச்சிதைவு நோய்க்கு இரட்டையர் ஆய்வு எழுதுகிறவர்கள் காட்ஸ்மன் 1991இல் தொகுத்த எண்களைச் சரியாகவே எழுதுகிறார்கள்: ஒரு கரு இரட்டையரில் (மரபணு ஒன்றேயானவர்கள்) ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் 48 சதவீதம், இரு கரு இரட்டையரில் (சராசரியாகப் பாதி ஒத்தவர்கள்) 17 சதவீதம். எழுதிவிட்டு ‘எனவே மரபணுவே காரணம்’ என்று முடிப்பார்கள். 48க்கும் 17க்கும் உள்ள இடைவெளி மரபணுவின் பக்கம் பேசுகிறது. 48க்கும் 100க்கும் உள்ள இடைவெளி எந்தப் பக்கம் பேசுகிறது என்பதையும் எழுதுங்கள். இரண்டையும் எழுதினால்தான் முழு மதிப்பெண்.

மரபணுவில் இருந்தால் தலையெழுத்து என்று நினைப்பவர்களுக்கு பினைல்கீட்டோனூரியா என்ற குறைபாடு போதும். ஒரே மரபணுவின் பிழை, கவனிக்காமல் விட்டால் கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு. பிறந்த சில நாளிலேயே ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, புரத உணவில் உள்ள பினைலலனின் என்ற பொருள் குறைந்த உணவைக் கொடுத்து வளர்த்தால் அந்தக் கேட்டைத் தடுத்துவிடலாம். மரபணு அதேதான், மாறியது சாப்பாடு.

மருந்து வேலை செய்தால் காரணம் தெரிந்துவிட்டதா?

மனச்சோர்வுக் கேள்வி வந்தால் ‘செரட்டோனின் குறைவால் மனச்சோர்வு வருகிறது, செரட்டோனினைக் கூட்டும் மாத்திரை கொடுத்தால் சரியாகிறது, எனவே நிரூபணம்’ என்று எழுதுவார்கள். செரட்டோனினும் டோபமைன் போல ஒரு நரம்புக்கடத்திதான். தலைவலிக்கு குரோசின் போட்டால் போகிறது என்பதற்காக உடம்பில் குரோசின் குறைந்ததால் தலைவலி வந்தது என்று யாரும் சொல்வதில்லையே.

இந்தக் கருத்து எங்கிருந்து கிளம்பியது என்பதில் நம் ஊர்ச் செடி ஒன்றுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தா வேர் இந்திய மருத்துவத்தில் நெடுங்காலமாக இருப்பது. அது மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் உதவுவதை 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1949இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் வக்கீல் ரத்த அழுத்தத்துக்கு அதைப் பயன்படுத்திக் கண்டதை ஒரு பிரிட்டிஷ் இதழில் வெளியிட்டார். 1952இல் அதிலிருந்து ரெசர்பைன் பிரிக்கப்பட்டது. ரத்த அழுத்தத்துக்காக அதை எடுத்தவர்கள் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாகச் சொன்னார்கள். ரெசர்பைன் செரட்டோனின், நார்அட்ரினலின், டோபமைன் எல்லாவற்றின் இருப்பையும் காலி செய்யும். இரண்டையும் முடிச்சுப் போட்டபோது ‘இவை குறைந்தால் மனச்சோர்வு’ என்ற கருதுகோள் உருவானது. அதே ரெசர்பைன் கொடுத்து அசையாமல் கிடந்த முயல்களுக்கு 1957இல் ஸ்வீடன் ஆய்வாளர் ஆர்வித் கார்ல்சன், உடலில் டோபமைனாக மாறும் எல்-டோபாவைச் செலுத்தினார், அவை எழுந்து நடமாடின. பார்க்கின்சன் சிகிச்சைக்கு வழி திறந்த சோதனை அது, 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரே செடியிலிருந்து கிளம்பிய இரண்டு கதைகளில் டோபமைன் கதை உறுதியாக நின்றது. செரட்டோனின் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. மாத்திரை செரட்டோனினைச் சில மணி நேரத்தில் கூட்டிவிடுகிறது, மனநிலை தேறவோ வாரக்கணக்கில் ஆகிறது. 2022இல் ஜோனா மொன்கிரீஃப் குழு, செரட்டோனின் குறைவால் மனச்சோர்வு என்பதற்குச் சீரான சான்று இல்லை என்று எழுதியது. மறுப்புகளும் உடனே வந்தன. மாத்திரை பலருக்கு உதவுகிறதா என்பது தனிக் கேள்வி. அதை இதோடு குழப்பி, சாப்பிடுகிறவர்களைக் கலவரப்படுத்தாதீர்கள்.

ஸ்கேன் படங்களைப் பற்றி ஒரே வரி: 2009இல் கிரெய்க் பென்னட் குழு செத்த சால்மன் மீன் ஒன்றை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, உரிய புள்ளியியல் திருத்தம் செய்யாமல் கணக்குப் போட்டது, மீனின் மூளையில் ‘செயல்பாடு’ தெரிந்தது. சிவப்பாக எரியும் படத்தைப் பார்த்ததும் நம்பிவிடுகிறவர்கள் அந்த மீனை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரத்துக்கு எழுதிக்கொண்டு வர வேண்டியது: ‘வன்முறைக்கு டெஸ்டோஸ்டிரோன் காரணமா?’ நடத்தையை நறுக்குங்கள். அடிதடியும் போட்டியும் ஒன்றா என்று பாருங்கள். கை வைத்தார்களா என்று கேளுங்கள். திசைக்கு ஒரு துப்பு தருகிறேன்: 1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியை டிவியில் பார்த்த ரசிகர்களின் எச்சிலில் டெஸ்டோஸ்டிரோனை அளந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த பிரேசிலின் ரசிகர்களுக்கு ஏறியிருந்தது, தோற்ற இத்தாலியின் ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. இரண்டு கூட்டமும் உட்கார்ந்து டிவி பார்த்தது மட்டும்தான். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம், மூளைப் படம் வேண்டவே வேண்டாம்.